படிக்காமல் கைநாட்டு வைக்க மாட்டோம்

(தாராவி வட்டாரக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில், நம் சங்கத்தின் எழுத்தறிவுத் தொண்டர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விடியுமுன் எழுந்து இட்லி அவிக்க வேண்டியவர்களும், காலையில் நாக்காவில் கூலிக்கு நிற்க வேண்டியவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். சங்கம் நடத்தும் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கும், பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் உங்கள் துணை கேட்கத்தான் இந்தக் கூட்டம். நாங்கள் பணம் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆளையும், அந்த ஆளின் நேரத்தில் கொஞ்சத்தையும் கேட்கிறோம்.

கல்வி கண் போன்றது என்று மேடைக்கு மேடை பேசியாகிவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நமக்கும் புளித்துப் போய்விட்டது. நாங்கள் பேச வந்தது கண்ணைப் பற்றியல்ல, கட்டைவிரலைப் பற்றி. நம் பெரியவர்கள் இந்த நகரத்தில் எத்தனை காகிதங்களில் கட்டைவிரலை அழுத்தியிருப்பார்கள்? வாடகைக் காகிதம், கடன் காகிதம், கூலிப் பட்டியல், குழுக் கடனுக்கான ஜாமீன் காகிதம். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று படித்துப் பார்த்து வைத்த கைநாட்டு எத்தனை? விரல் நம்முடையது, வார்த்தை வேறொருவனுடையது. இந்த நிலையை மாற்றுவதற்கே வகுப்பு.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். 2011-இல் அது சுமார் 73 பேர். பெண்களை மட்டும் எடுத்தால் 65 பேர். வளர்ச்சி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? ஏழு வயது நிரம்பியவர், ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் அவர் எழுத்தறிந்தவர். ஏதாவது ஒரு மொழி! ஊரில் இருக்கிறவனுக்கு இந்த விளக்கம் பொருந்தும். பிழைக்க வந்த நமக்கு எப்படிப் பொருந்தும்?

நம் வீடுகளையே எண்ணிப் பாருங்கள். பாட்டிக்கு எந்த எழுத்தும் தெரியாது. அப்பா ஊரில் ஐந்தாவது வரை படித்தவர். தினத்தந்தியை எழுத்துக் கூட்டிப் படிப்பார், கதவில் ஒட்டிய மராத்தி நோட்டீஸ் அவருக்குச் சுவரில் பூசிய சுண்ணாம்பு. பிள்ளை ஆங்கிலப் பள்ளியிலோ இந்திப் பள்ளியிலோ படிக்கிறது. நோட்டீஸை அது வாசித்துவிடும். ஆனால் ‘உரிமை கோருதல்’, ‘ஆட்சேபணை’ என்று அதை அம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லத் தெரியாது. ஊரிலிருந்து தாத்தா அனுப்பிய பத்திரத்தையும் அதற்குப் படிக்கத் தெரியாது. அரசுக் கணக்கில் இந்த வீட்டில் எழுத்தறிவில்லாதவர் ஒருவர்தான். உண்மையிலோ, ஒரே கூரையின் கீழ் ஒருவர் படிக்கும் எழுத்தை இன்னொருவர் படிக்க முடியாத நிலை. பிழைக்க வந்தவனின் கல்லாமைக்கு இப்படி இரண்டு முகம் உண்டு. நம் வகுப்பு இரண்டையும் ஒருசேரப் பார்க்கிற வகுப்பாக இருக்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல வந்த சேதி.

தோழர்களே, இது நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்த தொண்டு அல்ல. நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணிலேயே இதற்கு ஆழமான வேர் இருக்கிறது. 1848-இல் புனே நகரில் ஜோதிபா பூலேவும் அவருடைய துணைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் சாணியும் சேறும் வீசப்பட்ட அம்மையார் அவர். 1855-இல் அதே தம்பதியர் உழைப்பாளிகளுக்காக இரவுப் பள்ளி நடத்தினார்கள். பகலெல்லாம் உழைத்த ஆணும் பெண்ணும் விளக்கு வெளிச்சத்தில் வந்து படித்தார்கள். பிறகு அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் இதே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். வேலைக்குப் போகிற இளைஞனும் படிக்க வேண்டும் என்று அங்கே காலை நேர வகுப்புகள் வைக்கப்பட்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உழைக்கிறவன் பள்ளியின் நேரத்துக்கு வர முடியாதென்றால், பள்ளி உழைக்கிறவனின் நேரத்துக்கு வர வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

நம்மவர்களிலும் முன்னோடி உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், தச்சு வேலை தெரிந்த இளைஞராக 1960-களில் பம்பாய்க்கு வந்தவர். மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனியில் குடிசைப் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்துவதில்தான் அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது. அள்ளாமல் கிடந்த குப்பையைப் பிள்ளைகளோடு சுமந்துபோய் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டியவர் அவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீட்டா கேம்ப்புக்குத் தூக்கியெறியப்பட்டார்கள். அற்புதம் ஓயவில்லை. குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பைக் கட்டினார். 2000-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 2018-இல் மறைந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரக் கூடியவர்கள்தான் பிறகு தண்ணீருக்கும் குடியிருப்புக்கும் கூடினார்கள் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. எழுத்தறிவு வகுப்பு அரசியலுக்கு வெளியே இருக்கிற புண்ணிய காரியம் என்று எவராவது சொன்னால், ஜனதா காலனியை அவருக்கு நினைவூட்டுங்கள்.

சரி, அரசாங்கம் எதுவும் செய்யவில்லையா? செய்தது. 1978 அக்டோபர் 2-ஆம் நாள் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்து நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிளம்பியது. அதன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுத்தார். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. ஆயிரக்கணக்கான உள்ளூர் இளைஞர்களும் இளம்பெண்களும் சம்பளமில்லாமல் கற்பித்தார்கள். எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிள் ஓட்டவும் படித்தார்கள். கல்குவாரியில் கூலிக்குக் கல்லுடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ‘அ’னாவும் ‘ஆ’வன்னாவும் மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா? தன் கூலிக்கணக்கைத் தானே படிக்க வேண்டும், தான் போக வேண்டிய இடத்துக்குத் தானே போக வேண்டும் என்ற எண்ணம் எழுத்தோடு சேர்ந்து வந்ததால் நடந்தது.

அந்த இயக்கங்களின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விழா நடந்தது, சான்றிதழ் வந்தது, வகுப்பு நின்றது. படிக்க ஒன்றுமில்லாத இடத்தில் கற்ற எழுத்து மறந்து போயிற்று. துருப்பிடித்த அரிவாள் போலத்தான் எழுத்தும், தீட்டிக்கொண்டே இருந்தால்தான் அறுக்கும். 2009-இல் வந்த ‘சாக்ஷர் பாரத்’ திட்டம் 2018-இல் முடிந்தது. 2022 முதல் 2027 வரைக்கென்று வந்த புதிய எழுத்தறிவுத் திட்டத்துக்கு ‘உல்லாஸ்’ என்று பெயர். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எவரும் அதில் சேரலாம், தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். ஆனால் சம்பளமில்லாத் தொண்டர்களை நம்பித்தான் அந்தத் திட்டமே நிற்கிறது. திட்டம் தில்லியிலிருந்து வரலாம், தோழர்களே, வாத்தியார் பக்கத்துச் சந்திலிருந்துதான் வர வேண்டும்.

அந்த வாத்தியாருக்கு நாங்கள் சொல்லும் சில நடைமுறைகளை இங்கேயும் சொல்கிறோம்.

முதலாவது, நேரம். இட்லிக்கார அக்காவுக்குப் பிற்பகல்தான் ஓய்வு. தையல் காலாவில் வேலை செய்பவருக்கு இரவு. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு இரண்டு வீடுகளுக்கு இடைப்பட்ட ஒரு மணி நேரம். ஆகவே ஒரே வகுப்பு எல்லோருக்கும் ஆகாது. ஐந்து பேர், ஆறு பேர் கொண்ட சிறு குழுக்கள், அவரவர் சந்திலேயே கூட வேண்டும்.

இரண்டாவது, கண். நாற்பது வயதைத் தாண்டிய தாய்மார் பலர், ‘என் மண்டையில் ஏறவில்லை’ என்று சிலேட்டைக் கீழே வைத்துவிடுகிறார்கள். குறை மண்டையில் இல்லை, பார்வையில் இருக்கிறது. அந்த வயதில் பக்கத்து எழுத்து மங்குவது இயற்கை. ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறவருக்கு முதலில் வேண்டியது பாடநூல் அல்ல, கண்ணாடி. வகுப்பில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே கண் பரிசோதனை நடக்க வேண்டும்.

மூன்றாவது, எதைக் கொண்டு தொடங்குவது? தமிழில் எழுத்து 247. அத்தனையையும் வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சொல் என்றால், பாதிப் பேர் ‘ஔ’ வருவதற்குள் போய்விடுவார்கள். பிரேசில் நாட்டின் பாவ்லோ பிரேயரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். 1963-இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 300 உழைப்பாளிகளுக்குச் சுமார் 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது அவருடைய குழு. அவர் எழுத்து வரிசையிலிருந்து தொடங்கவில்லை. செங்கல் போன்று அம்மக்கள் வாயில் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கினார். சொல்லைப் பேசும்போதே, செங்கல் சுமக்கிறவனுக்கு ஏன் வீடில்லை என்ற பேச்சும் வந்தது. மறு வருடம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவரைச் சிறையில் வைத்தது, பிறகு அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. எழுத்தைக் கண்டு யார் பயப்படுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ? நமக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. படி, பட்டா, கூலி, வாடகை, தண்ணீர், ரசீது. நேர்கோடுகளால் ஆன ட, ப போன்ற எழுத்துகள் பழகாத கைக்கும் எளிது. அங்கிருந்து தொடங்குவோம்.

நான்காவது, இரண்டு எழுத்து. தமிழ் படிய ஆரம்பித்த பிறகு தேவநாகரியையும் சொல்லித் தர வேண்டும். மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றுதான். ஒரு சாவி, இரண்டு பூட்டு. பஸ் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, மாநகராட்சி நோட்டீஸ் எல்லாம் அந்த எழுத்தில்தான். 1966-இல் சிவசேனை பிறந்த காலத்தில் தென்னாட்டார் என்பதற்காக நம் முன்னோர் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. அதற்காக இந்த மண்ணின் மொழியை நாம் வெறுக்கவும் வேண்டியதில்லை. பூலேயும் அம்பேத்கரும் எழுதிய மொழி அது. தாய்மொழியைத் தலைமேல் வைத்துக்கொண்டே ஊர்மொழியைக் கைக்கருவியாக்கிக் கொள்வோம்.

ஐந்தாவது, மரியாதை. வகுப்புக்கு வருகிற அம்மா குழந்தையல்ல. மனக்கணக்கில் சீட்டுப் பிடித்தவர், மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். கற்பிக்கிற தம்பி ‘வாங்கம்மா’, ‘சொல்லுங்கய்யா’ என்று பேச வேண்டும். பிழையைக் கண்டு சிரிக்கிற தொண்டர் எங்களுக்கு வேண்டாம்.

இனி, இளைய தலைமுறைக்கு வருவோம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. ஆனாலும் தமிழ்வழி வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்து வருவதும், தமிழில் தொடங்கிய பிள்ளைகள் பலர் நடுவிலேயே வேறு மொழிக்கு மாற நேர்வதும் நாம் அறிந்ததே. அந்த மாற்றத்தில்தான் பிள்ளை தடுக்கி விழுகிறது. நேற்று வரை முதல் வரிசையில் உட்கார்ந்த பையன், இன்று பாடமொழி புரியாமல் கடைசிப் பெஞ்சுக்குப் போகிறான். இரண்டு வருடத்தில் அவன் காலாவில் தோல் பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருக்கிறான். அறிவில்லாத பிள்ளையா அவன்? பாலமில்லாத ஆற்றில் இறக்கிவிடப்பட்ட பிள்ளை. அந்தப் பாலம்தான் மாலை வகுப்பு. பாடத்தைத் தமிழில் விளக்கி, பள்ளியின் மொழியில் எழுதப் பழக்குவதே அங்கே நடக்க வேண்டிய வேலை. கல்லூரிக்குப் போகிற தம்பி தங்கைகளே, இதை உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. இரண்டு கரையையும் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

படிக்க இடமும் வேண்டும். பத்துக்குப் பத்து கோலியில் அடுப்பு, தொலைக்காட்சி, தம்பி, தாத்தா, தையல் மிஷின். பிள்ளை எங்கே புத்தகத்தை விரிக்கும்? கோயில் மண்டபமோ, சங்க அறையோ, சர்ச் முற்றமோ, மதரசாவின் ஒரு மூலையோ, தேர்வுக் காலத்தில் மட்டுமாவது ஒரு விளக்கும் ஒரு பாயும் கொடுங்கள்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை கல்வி இலவசம், கட்டாயம். வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஊர்க் கொடைக்குப் போய்த் தாமதமாகத் திரும்பினாலும், மாநிலம் விட்டு மாநிலம் வந்தாலும், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதைக் காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ கதவடைக்க முடியாது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சியும் கொடுக்க வேண்டும். பதினான்கைத் தாண்டி நின்றுபோனவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதில் பத்தாம் வகுப்பை ஐந்து வருடத்துக்குள் ஒன்பது தவணை வரை, பாடம் பாடமாக எழுதித் தேறலாம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் பையனுக்கும் அது திறந்த கதவு. அந்தக் கதவு வரை கையைப் பிடித்து அழைத்துப் போவது தொண்டரின் வேலை.

கடைசியாக, நம் தலைக்கு மேல் தொங்குகிற விஷயம். 2024-இல் தாராவியில் மறுசீரமைப்புக்கான வீடு வீடான கணக்கெடுப்பு தொடங்கியது. அரசு அறிவித்த விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் வீடு. மாடியில் இருப்பவருக்கு வேறு விதி. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று நம் பத்திரிகையில் தனியே விவாதிப்போம். இன்றைக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நாற்பது வருட உழைப்பு ஒரு தேதியில் நிற்கிறது, அந்தத் தேதி ஒரு காகிதத்தில் இருக்கிறது. பழைய லைட் பில்லா, போட்டோ பாஸா, வாக்காளர் பட்டியலா, எது நம்மைக் காப்பாற்றும் என்று தகரப் பெட்டியைத் திறந்து தேடத் தெரிய வேண்டாமா? பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் கண்டுபிடிக்க வேண்டாமா? ஒரு காகிதத்தில் ‘முருகன்’, இன்னொன்றில் ‘முருகேசன்’ என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலைகிறவர் யார்?

கட்டடத் தொழிலாளித் தோழர்களுக்கும் அதே கதைதான். சட்டப்படி, 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்தவர் நல வாரியத்தில் பதிவு பெறலாம். அந்த 90 நாளை எழுதி வைத்தவர் எத்தனை பேர்? ஒரு நோட்டில் தேதி, இடம், கூலி என்று மூன்று பத்தி போடத் தெரிந்தால், அதைக் காட்டி மேஸ்திரியிடம் சான்று கேட்கலாம். வகுப்பின் முதல் மாதத்திலேயே இதைப் பழக்குவோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாங்கள் நடத்துவது கறிக்கு உதவுகிற ஏடு.

‘கையெழுத்துப் போடத் தெரியும், அது போதாதா?’ என்று சிலர் கேட்கிறீர்கள். போதாது. படிக்கத் தெரியாதவன் போடும் கையெழுத்தைவிடக் கைநாட்டே மேல். கைநாட்டு வைத்தவனுக்குப் படித்துக் காட்டினார்களா என்று நாளை ஒருவராவது கேட்பார். கையெழுத்துப் போட்டவனைப் பார்த்து, ‘படித்துத்தானே போட்டாய்?’ என்று மடக்கிவிடுவார்கள். ஆகவே பெயரெழுதும் நாளோடு வகுப்பு முடிவதில்லை. ஒரு நோட்டீஸைத் தானே படித்து, தன் சந்தேகத்தைத் தானே எழுதிக் கேட்கிற நாள் வரை நடக்கும்.

‘இந்த வயதில் எதற்கு?’ என்று கேட்கிற பெரியவர்களே, வீட்டுப் பத்திரங்கள் பெரும்பாலும் உங்கள் பெயரில்தான் இருக்கின்றன. மனைவியை அனுப்பத் தயங்குகிற ஆண்களே, நீங்கள் வேலையில் இருக்கும் பகலில் கதவைத் தட்டி வருகிற காகிதத்தை வாங்குவது அவர்தான்.

எனவே எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு வீட்டிலும் படிக்கத் தெரியாதவரின் பெயரை வெட்கமில்லாமல் எங்கள் பட்டியலில் கொடுங்கள். படித்த பிள்ளை உள்ள ஒவ்வொரு வீடும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையைச் சந்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு சந்தும் வகுப்புக்கு ஒரு திண்ணையைக் கொடுங்கள். பெயர்ப் பட்டியல் இதோ இந்த மேசையில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டுகிறோம். அதைக் கேட்ட பிறகு உங்கள் விரலை வையுங்கள்.

ஒன்று மட்டும் இன்றே நமக்குள் முடிவாகட்டும். இனி எவர் நீட்டினாலும், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், படிக்காமலோ படித்துக் காட்டாமலோ நம் சந்தில் ஒரு காகிதத்திலும் மை விழக் கூடாது.